இரண்டு பேர் இழுக்கும் பலகை

அந்தமானில், சௌல்தாரியில் நான் பால்வாடி டீச்சர். மெயின்லேண்டிலிருந்து வரும் பொம்மைகளைக் கண்டாலே எனக்கு எரிச்சல். எல்லாம் ஒரு பிள்ளை ஒரு மூலையில் தனியாக உட்கார்ந்து விளையாடவே செய்தவை. அடுத்தவன் தொட்டால் அடிதடி. அட போங்கடா என்று நானே ஒரு பலகை செய்தேன்.

சுவரில் சாய்த்த பலகை, உச்சியில் இரண்டு ஆணி. ஆணிகளின் மேல் போட்ட இரண்டு கயிறுகளில் ஒரு மரச்சட்டம் தொங்கும். சட்டத்தின் மேல் பந்து. இரண்டு பிள்ளைகள் ஆளுக்கொரு கயிற்றைப் பிடித்துச் சீராக இழுத்தால் பந்து மேலே போய், உச்சியில் மாட்டிய தேங்காய்ச் சிரட்டைக்குள் விழும். ஒருவர் அவசரப்பட்டாலும் சட்டம் சாய்ந்து பந்து கீழே உருண்டுவிடும். பேசிக்கொள்ளாமல் இழுக்க முடியாது. உண்மையைச் சொன்னால், ஒரே ஒரு பிள்ளையை மனதில் வைத்துத்தான் அதைச் செய்தேன்.

நான்கு வயதுப் பெண். அம்மா செத்த பிறகு வாயே திறக்கவில்லை. அப்பா லோடு வண்டி ஓட்டுகிறவர். சாயங்காலம் கூட்டிப்போக வரும்போதெல்லாம், "இன்னிக்காச்சும் புள்ள பேசுச்சா, டீச்சர்?" என்பார். நான் உதட்டைப் பிதுக்குவேன். "பேசும், பேசும்" என்று எனக்கே ஆறுதல் சொல்லிவிட்டுப் போவார்.

அவளோடு ஒரு வங்காளிப் பையனை உட்கார வைத்தேன். சரியான வாயாடி, ஆனால் தமிழ் வராது. மெதுவாக இழு என்பதற்கு "அரே, தீரே, தீரே!" என்று இந்தியில் கத்துவான். பந்து விழும். சிரித்துக்கொண்டே எடுத்து வைப்பான். ஒருநாள் அவனே அவசரப்பட்டான். "தீரே!" என்று அதட்டினாள் அவள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சாயங்காலம் அவள் அப்பா அதைக் கேட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதார்.

மழைக்காலம் முடிவதற்குள் பையனின் அப்பாவுக்கு வடகோடியில் இருக்கும் திக்லிபூருக்கு டிரான்ஸ்ஃபர். ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் கப்பலேறிப் போய்விட்டார்கள். பாழாய்ப்போன டிரான்ஸ்ஃபர்! இங்கே பாதிப் பேர் அப்படி வந்து அப்படியே போகிறவர்கள்தான். பலகை செய்தபோது அது என் மரமண்டைக்கு உறைக்கவில்லை.

மறுநாள் அவன் கயிற்றை வேறொரு பிள்ளையிடம் கொடுத்தேன். அவள் வெடுக்கென்று பிடுங்கி, அதன் நுனியை ஜன்னல் கம்பியில் சுற்றிச் சுற்றிக் கட்டினாள். பிறகு தன் கயிற்றை இழுத்தாள். பந்து விழுந்தது. எடுத்து வைத்தாள். கம்பியைப் பார்த்து, "தீரே" என்றாள். மறுபடியும் விழுந்தது. "அரே, தீரே, தீரே!" அவன் சொல்வது போலவே சொன்னாள்.

"டீச்சர் கூட இழுக்கட்டாடி, கண்ணு?" பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று.

சாயங்காலம் அப்பா வந்தார். "இன்னிக்கும் பேசுச்சா, டீச்சர்?"

"பேசினா. நிறையப் பேசினா."

யாரோடு என்று கேட்டால் என்ன சொல்வது என்று பயந்துகொண்டே நின்றேன். மனிதர் மகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். சந்தோஷத்தில் அதைக் கேட்கவே இல்லை.