செத்துப்போன சித்தப்பா சைக்கிளில் வந்தார்

சென்னையிலிருந்து செஞ்சிக்கு அப்போதும் பஸ் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் சித்தப்பா சைக்கிளில்தான் வந்தார். செங்கல்பட்டு, மதுராந்தகம், திண்டிவனம் என்று இரண்டு நாள், சித்திரை வெயிலில், மூன்று விரல்களைப் பனிக்குக் கொடுத்துவிட்ட இடது காலால் மிதித்துக்கொண்டு. சென்னையில் பஸ் ஏறி, கண்டக்டர் கதவைச் சாத்தியதுமே அவருக்கு மூச்சு முட்டியதாம். சண்டையில் சிறைபிடித்தவர்கள் மூடிய லாரியில் அடைத்துக் கொண்டுபோன ஞாபகம். இறங்கி, வழியனுப்ப வந்த சிப்பாயின் சைக்கிளை வாங்கிக்கொண்டார். இதெல்லாம் ரொம்ப நாள் கழித்துச் சித்தி சொன்னது.

அன்று ரோட்டோரத்து எங்கள் களத்தில் நான் காயப்போட்ட மல்லாட்டைக்கு, அதாவது வேர்க்கடலைக்கு, காக்கை ஓட்டிக்கொண்டிருந்தேன். எட்டு வயது. தாடி வைத்த ஓர் ஒல்லி ஆள் சைக்கிளை நிறுத்தி, பானைத் தண்ணீரை மளமளவென்று குடித்தார். என்னையே பார்த்தார்.

“பெரியவரு பொண்ணா நீ? ஊட்ல எல்லாரும் நல்லா இருக்காங்களா?”

“சித்தப்பாதான் சீனாச் சண்டைல செத்துட்டாரு” என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. பள்ளிக்கூடத்தில் எனக்கு அதனால் தனி மரியாதை. சித்தப்பாவைக் கடைசியாகப் பார்த்தபோது எனக்கு நான்கு வயது. முகம் எங்கே நினைவிருக்கிறது?

ஆளைக் காணவில்லை என்றுதான் தந்தி வந்திருந்தது. இரண்டு மாதம் பார்த்துவிட்டு, கருமம் செய்யாவிட்டால் ஆவி அலையும் என்று நைனாவைக் கரைத்தவள் அவருடைய தங்கை, என் அத்தை. வைக்கோலில் உருவம் செய்து கொளுத்தினார்கள். பதினாறாம் நாள் ஊரே சாப்பிட்டது. நான் நான்கு வடை தின்றதுவரை அந்த ஆளிடம் ஒப்பித்தேன். அவர் தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

“ஒஞ் சித்தி அழுதாளா?”

“ஒரு சொட்டுகூட அழல. அவரு இருக்காரு, தாலியக் கழட்ட மாட்டேன்னு ஒரே அடம். அத்ததான் ரெண்டு கையயும் அழுத்திப் புடிச்சிக்கினாங்க, ஒரு கெழவி கழட்டிச்சி. சித்தி தொண்டூருக்கு அவங்க அம்மா ஊட்டுக்கே போய்ட்டாங்க.”

அவர் சைக்கிள் சீட்டில் முகத்தைப் புதைத்து வாய்விட்டு அழுதார். ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று எனக்குப் பட்டது.

“நைனாகிட்ட சொல்லு. தம்பி வந்துட்டான், அவள இட்டுக்கினு வரத்துக்குத் தொண்டூர் போயிருக்கான்னு.”

எங்கள் வீடு அங்கிருந்து அரை மைல்கூட இல்லை. இரண்டு நாள் மிதித்து வந்தவர் அந்தப் பக்கம் திரும்பாமலே போனார். நான் வீட்டுக்கு ஓடி, “செத்துப்போன சித்தப்பா வந்துட்டாரு” என்று கத்தினேன். நைனா அடிக்கக் கை ஓங்கினார். சொன்னதையெல்லாம் கேட்டபிறகு அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டார்.

பொழுது சாய்வதற்குள் இருவரும் வந்தார்கள். கேரியரில் சித்தி. கருமம் முடிந்த ஆள் நிலைப்படி தாண்டக்கூடாது, முதலில் அம்மன் சந்நிதியில் தாலி ஏறவேண்டும் என்று பெரியவர்கள் சொன்னார்கள். நைனா அந்தப் பழைய தாலியையே மஞ்சள் தண்ணீரில் கழுவி, புதுக்கயிற்றில் கோத்துக் கொண்டுவந்தார். அதை நீட்டும்போது தம்பியின் முகத்தை அவர் பார்க்கவில்லை.

சித்தப்பா முதல் முடிச்சைப் போட்டார். மீதி இரண்டும் எங்கள் வழக்கப்படி நாத்தனார் போடவேண்டியவை. அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு சித்தியின் பின்கழுத்துக்குக் கையைக் கொண்டுபோனாள்.

சித்தி திரும்பவில்லை. “நீங்க வாணாம். மூணு முடிச்சும் அவரே போடட்டும்.”

அத்தை கையை எடுத்துக்கொண்டாள். சித்தப்பா மற்ற இரண்டையும் போட்டு முடித்தார்.

அத்தையைக் காணோமே என்று தேடிப்போனேன். கோயிலுக்குப் பின்னால் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தாள். செத்த அண்ணன் உயிரோடு திரும்பிய நாளில் இவளுக்கு என்ன வந்தது என்று எனக்கு விளங்கவில்லை. பாவமாக இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து, எனக்குத் தெரிந்த மட்டில் ஆறுதல் சொன்னேன்.

“உடு அத்த. ஒனக்கு ரெண்டு முடிச்சு போடற வேல மிச்சம்.”