சுருட்டுக் கூடத்து வாசிப்போன்

என்னைப் புலவர் என்று அழைப்போர் இவ்வூரில் பலர் உளர். அவ்வாறு அழைக்கப்படுவதில் எனக்குப் பெருமை உண்டு. அதனை மறைக்கவும் நான் விரும்புவதில்லை. முப்பதைக் கடந்தபின் தனித்தேர்வராக எழுதித் தமிழில் பட்டம் பெற்றவன் நான். எட்டாம் வகுப்பை இருமுறை பயின்றும் தேறாதவன் என்று சொல்லும்போது மட்டும் கேட்போர் அதனை அவையடக்கமாகக் கொண்டு சிரித்துவிடுகின்றனர். ஆதலின் அக்கதையை எழுத்தில் வைப்பதே முறை எனத் தோன்றிற்று.

நான் பயின்ற பள்ளி, பிற்பகலில் திண்டுக்கல் கோட்டை மலையின் நிழல் வந்து விழும் தெருவொன்றில் இருந்தது. எழுத்துகளை நான் அறிந்திருந்தேன். அவற்றைக் கூட்டிச் சொல்லாக்கி, சொற்களைக் கூட்டி வரியாக்க எனக்கு நேரம் வேண்டியிருந்தது. பள்ளியில் இல்லாத பொருள் அது ஒன்றே. ஆசிரியர் என்னை எழுப்பி வாசிக்கச் சொல்வார். நான் ஒரு நெடுஞ்சொல்லின் பாதியில் நிற்பேன். பாடமோ வகுப்பு முழுவதற்கும் மனப்பாடம். என் பின்னிருந்து எல்லாரும் ஒரே குரலில் அவ்வரியைச் சொல்லி முடித்துவிடுவர். ஆசிரியர் என்னை அமரச் செய்து அடுத்தவனை எழுப்புவார். பள்ளியில் கழித்த ஆண்டுகள் அனைத்திலும் ஒரு வரியையேனும் நானே முடித்ததாக நினைவில்லை. வாங்கிய பிரம்படிகள் மறந்துபோயின. அந்தக் கூட்டுக்குரல் மட்டும் நெடுங்காலம் செவியில் இருந்தது.

பள்ளி கைவிட்டபின் சுருட்டுத் தொழிலுக்குச் சென்றேன். தொழிற்கூடம் என்று நான் எழுதினாலும் ஊரார் அதனைச் சுருட்டுக் கம்பெனி என்றே வழங்கினர். ஐம்பதுகளில் திண்டுக்கல்லில் அத்தகைய கூடங்கள் பல இருந்தன. வேடசந்தூர்ப் பக்கத்துப் புகையிலை மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். பெண்கள் ஒருபுறம் அமர்ந்து நனைத்த இலையின் நடுநரம்பை உரித்தெடுப்பர். ஆண்கள் மறுபுறம் வரிசையாக, ஆளுக்கொரு பலகையை முன்வைத்துச் சுருட்டுவோம். மேலுறையாகும் இலையைக் கிழியாமல் இழுத்துச் சுற்றுவதில்தான் தொழில் இருக்கிறது. அதனை நான் விரைவில் கற்றேன். என் விரல்கள் மந்தமல்ல என்று அறிந்தது எனக்கு அந்நாளில் ஓர் ஆறுதலாயிருந்தது.

கைகளுக்கு வேலை உண்டு, செவிகளுக்கு இல்லை. ஆதலின் எங்கள் கூடத்தில் ஒரு வழக்கம் நிலவியது. சுருட்டுவோருள் ஒருவர் பிற்பகலில் தம் பலகையை ஒதுக்கிவிட்டு, நடுவில் கிடந்த முக்காலியில் அமர்ந்து வாசிப்பார். முதலில் செய்தித்தாள், பின்னர்க் கிழமை இதழில் வரும் தொடர்கதை. அவருடைய வேலை குறைந்துவிடாதபடி, மாலையில் ஒவ்வொருவரும் தாம் சுருட்டியதில் ஒரு பங்கை அவர் பலகையில் வைத்துச் செல்வர். எவர் எத்தனை வைத்தார் என்று ஒருவரும் பார்ப்பதில்லை. வாசிப்புப் பிடிக்கவில்லையாயின் எவரும் வாய்திறந்து சொல்வதும் இல்லை. மேலுறை நெகிழ்ந்த, வளைந்த சுருட்டுகளாகப் பார்த்து வைத்துவிடுவர். வேலையை மேற்பார்க்கும் மேஸ்திரி அவற்றைக் கூலிக்கணக்கில் சேர்க்காமல் கழித்துவிடுவார். வாசித்தவர் பொருளறிந்து மறுநாள் தம் பலகைக்கே திரும்பிவிடுவார்.

நெடுநாள் வாசித்து வந்த ஒருவர், கோவையில் ஆலைவேலை கிடைத்துப் புறப்பட்டுவிட்டார். அவ்வேளையில் எங்களுக்கு ஓடிக்கொண்டிருந்தது ஒரு கடற்கரையூரின் கதை. புயலுக்குப்பின் ஒரு தோணி கரைக்குத் திரும்புகிறது. அதனுள் யாரோ படுத்திருப்பது தெரிகிறது, யாரென்று தெரியவில்லை. தோணிக்காரனின் மனைவி நீருக்குள் இறங்கி ஓடுகிறாள். அந்த இடத்தில் அவர் இதழை மூடினார். மறுநாள் அவர் இல்லை.

மேஸ்திரி இருவரை அமர்த்திப் பார்த்தார். முதலாமவன் பத்தாம் வகுப்புத் தேறியவன். செய்தித்தாளைப் புகைவண்டி போல வாசித்தான். அவன் வேகத்துக்குக் கைகளும் தம்மையறியாமல் விரைந்தன, மேலுறைகள் கிழிந்தன. கதைக்கு வருமுன்பே மேஸ்திரி அவனை நிறுத்திவிட்டார். அவன் பலகையில் அன்று மாலை நேரான சுருட்டு ஒன்றேனும் இருந்ததா என்பது ஐயமே. இரண்டாமவர் செய்தித்தாளை ஒரு வரி வாசித்து, அதற்குத் தம் கருத்தைப் பத்து வரி சொன்னார். கட்சிகள் பற்றிய வழக்கு மூண்டு, இலை உரித்த பெண்கள் சினந்து எழுந்துவிட்டனர். தோணி கரைக்கு வரவே இல்லை.

“நாளைக்கு இன்னொரு ஆளப் பாக்குறேன். அவனும் ஒப்பேறலேன்னா வாசிப்பே வேணாம். பேசாம சுருட்டுங்க,” என்று மறுநாள் காலையில் மேஸ்திரி முடிவாகச் சொல்லிவிட்டார்.

அன்று நண்பகல் உணவின்போது நான் செய்தது எனக்கே விளங்கவில்லை. முக்காலியின் மேல் கிடந்த இதழை எடுத்துக்கொண்டு, இலை நனைக்கும் தொட்டியருகே சென்று அமர்ந்தேன். தோணியில் இருந்தவர் யார் என்று அறியாமல் இருக்க என்னால் இயலவில்லை, அவ்வளவே. விரலை வரியின் கீழ் வைத்தேன். பழைய அச்சம் வந்து நின்றது. ஒரு சொல்லில் தடைப்பட்டேன். வழக்கம்போல் முதுகு கூசிற்று. ஆனால் பின்னால் யாரும் இல்லை. அந்தச் சொல்லும் எங்கும் ஓடிப்போகவில்லை. நான் வரும்வரை தாளிலேயே இருந்தது. மீண்டும் முதலெழுத்திலிருந்து தொடங்கிக் கூட்டினேன். பொருள் திறந்தது. அவ்வரியின் இறுதிக்கு நானே சென்று சேர்ந்தேன். சோற்றுத் தூக்குவாளி திறக்கப்படாமலே கிடந்தது. வேலைக்கு அழைக்கும் குரல் வந்தபோது ஒரு பக்கத்தைக்கூட முடித்திருக்கவில்லை. எனினும் கடற்காற்று என் முகத்தில் அடித்தது போலிருந்தது. அந்நாள்வரை நான் கடலைக் கண்டதில்லை.

மாலையில் மேஸ்திரியிடம் சென்று, நாளை நான் வாசிக்கிறேன் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். என் பக்கத்துப் பலகைக்காரர் ஓர் இசுலாமியர். நாங்கள் அவரைப் பாய் என்றே அழைப்போம். வாய்த்துடுக்கு மிக்கவர்; நெஞ்சில் கள்ளமில்லாதவர். அவர் எல்லாரும் கேட்கும்படி சொன்னார்: “ஏலே, நீயா வாசிக்கப் போறே? அந்தத் தோணி கரைக்கு வாரதுக்குள்ள நம்ம அம்புட்டுப் பேருக்கும் மீசை நரைச்சுப் போகும்டா.”

கூடம் சிரித்தது. நானும் சிரித்தேன். நான் தோற்றால் என் மானம் மட்டும் போவதில்லை. வாசிப்பென்னும் வழக்கமே அக்கூடத்தில் அற்றுப்போகும். நாள்தோறும் ஒரே வரிசையில் முழங்கால் இடிக்க அமரும் மனிதர்களுக்கு முன்பாக, பள்ளியில் நேர்ந்தது இன்னொரு முறை நேரும். இம்முறை அதனை நானே கேட்டு வாங்கியிருப்பேன். இவ்வளவும் எண்ணினேன். சொன்ன சொல்லைத் திரும்பப் பெற மட்டும் மனம் வரவில்லை. இதழை வீட்டுக்கு எடுத்துச் சென்று, விடிந்தபின் முற்றத்தில் நின்று வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன்.

மறுநாள் பிற்பகல் முக்காலியில் அமர்ந்தேன். செய்தித்தாள் வேண்டாம், கதையே வாசி என்றனர் பெண்கள். முதல் சில வரிகள் ஒருவாறு நடந்தன. காலையில் பழகியவைதாமே. பின்னர், நீருக்குள் ஓடும் அந்தப் பெண் தோணியின் விளிம்பைப் பற்றும் இடத்தில், காலையில் தடையின்றி வந்த சொல்லொன்று வர மறுத்தது. எழுத்துகள் தாளில் நெளிந்தன. நான் நின்றேன்.

பின்னாலிருந்து அந்தக் கூட்டுக்குரல் எழும் என்று என் உடல் காத்திருந்தது. எழவில்லை. செவிக்கு எட்டியதெல்லாம் ஈர இலை உரிபடும் ஓசைதான். அதுவும் சிறிது சிறிதாக நின்றது. தலைநிமிர்ந்தேன். கைகள் பலகைகளின் மேல் அப்படியே தங்கியிருக்க, கூடம் முழுவதும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. பாயின் பாதி சுற்றிய சுருட்டு அவர் விரல்களுக்கிடையே விரிந்துகொண்டிருந்ததை அவர் கவனிக்கவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இங்கே அடுத்த சொல்லை அறிந்தவர் எவரும் இலர். என்னை முந்திச்சென்று அவ்வரியை முடிக்க இவர்களுள் ஒருவராலும் இயலாது. நான் சொன்னால்தான் உண்டு.

இலை உரிப்போருள் மூத்தவளாகிய ஓர் அம்மாள், கன்னிவாடியிலிருந்து நாள்தோறும் வருபவள், மெல்லச் சொன்னாள்: “செத்த நேரம் ஆனாலும் பரவால்ல அப்பு. தோணில கெடந்தது யாரு? அதச் சொல்லு.”

நான் முதலெழுத்திலிருந்து தொடங்கினேன். சொல் வந்தது. வரி வந்தது. தோணியில் கிடந்தது அவள் கணவன் அல்லன். அவனோடு சென்ற அவனுடைய தம்பி. உயிர் இருந்தது. கூடத்தில் ஒரு பெருமூச்சு எழுந்து அடங்கிற்று. ஒருத்தி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

அதன்பின் நான் என் நடையிலேயே வாசித்தேன். வரி முடிந்தால் நின்றேன். கடினமான சொல் வந்தால் காத்திருந்தேன். நான் நிற்குமிடங்களில் அவர்கள் பேசிக்கொண்டனர். கடல் என்பது ஆத்தூர் நீர்த்தேக்கத்தைவிடப் பெரிதா என்று ஒருவர் கேட்க, மழைக்காலத்து நீர்த்தேக்கமா கோடைக்காலத்து நீர்த்தேக்கமா என்று பாய் திருப்பிக் கேட்டார். அவ்வழக்கு தீரும்வரை நான் அடுத்த வரியை எழுத்துக்கூட்டி ஆயத்தமாக வைத்துக்கொண்டேன். சுருட்டுகளும் உருவாயின. ஒரு வரிக்கும் மறு வரிக்கும் இடையே ஓர் இலையை இழுத்துச் சுற்றி முடிக்கும் நேரம் சரியாக இருந்தது போலும். மேஸ்திரி கைகளைப் பின்னால் கட்டியவாறு இருமுறை சுற்றி வந்தார். ஒரு மேலுறையையும் எடுத்துக் குறை சொல்லவில்லை.

மாலையில் கைகழுவச் சென்று, வேண்டுமென்றே காலந்தாழ்த்தித் திரும்பினேன். என் பலகையைப் பார்க்கும் துணிவு எளிதில் வரவில்லை. பார்த்தேன். அத்தனையும் நேரானவை, நுனி ஒழுங்காக அரிந்தவை. சில, சுருட்டியவர் தம் கைத்திறத்தைக் காட்டவே தனியாகச் சுருட்டியவை போல மின்னின. ஒன்றை எடுத்து மூக்கருகே வைத்துப் பார்த்தேன். அன்று எனக்கு உண்டான நிறைவு, பிற்காலத்தில் பட்டச் சான்றிதழைக் கையில் வாங்கியபோதும் உண்டாகவில்லை.

பாய் துண்டை உதறித் தோளில் இட்டபடி என்னருகே நின்றார். கேலியை எதிர்பார்த்தேன்.

“முன்னால வாசிச்சவரு அவரு பாட்டுக்குப் போய்க்கிட்டே இருப்பாரு, நாங்க பின்னால ஓடணும். நீ எங்களையும் கூட்டிக்கிட்டுல்ல போறே,” என்றார். பின்னர், அளவுக்கு மீறிப் புகழ்ந்துவிட்டோமோ என ஐயுற்றவர் போல, “இருந்தாலும் மீசை நரைக்கத்தான் செய்யும்,” என்று சேர்த்துக்கொண்டு போனார்.

அறுபதுகளின் நடுப்பகுதிவரை அந்த முக்காலியில் நானே அமர்ந்தேன். தோணிக் கதை முடிந்து வேறு பல கதைகள் வந்தன. மறுநாள் வாசிக்க வேண்டியதை முன்னதாகப் படித்து வைப்பது எனக்குக் கடமையாயிற்று. சில திங்களில் அது கடமையாகத் தோன்றாமல் போயிற்று. கூடத்துக்கு வேண்டிய பக்கங்களைக் கடந்தும் கண் சென்றது. நாவல் முடிந்தால் அன்று முழுவதும் உறவினரை வண்டியேற்றி அனுப்பியவன் போலத் திரிந்தேன். அச்சிட்ட தாள் எதைக் கண்டாலும் ஓட விரும்பிய கால்கள், கடைவீதியின் மாடியிலிருந்த நூலகத்துக்குத் தாமாகவே ஏறின.

அங்கே ஒருநாள், கிழமை இதழ்கள் கிடக்கும் மேசையைக் கடந்து உள்ளறைக்குச் சென்றேன். பழந்தமிழ் நூல்கள் அங்கே இருந்தன. உரையோடு கூடிய தடித்த ஒரு நூலை எடுத்தேன். நூலகர் என்னை அறிவார். சுருட்டுக் கூடத்துக்கு வாசிப்பவன் என்று மதிப்புடனே நடத்துபவர். நூலின் கனத்தையும் என் கையிலிருந்த புகையிலைக் கறையையும் பார்த்தார்.

“கம்பெனிக்கா இது? அவங்க கேக்க மாட்டாங்களே.”

“இல்ல சார். இது எனக்கு.”

அவர் வியப்பை அடக்கிக்கொண்டு முத்திரையை அழுத்தினார். பதினைந்து நாளில் திருப்பித்தர வேண்டும் என்று நினைவூட்டினார். அந்நூலகக் கூடத்தில் அமர்ந்திருந்த அனைவர் செவியிலும் விழும் என்று அறிந்தே, தலைகுனியாமல் நான் விடை சொன்னேன்:

“பத்தாது சார். நான் மெதுவாப் படிக்கிறவன். ரெண்டு மூணு தடவ வந்து தேதி மாத்திக்கிட்டுப் போவேன்.”