காலை 6.12க்குப் படிக்கப்பட்டது

இது நடந்தது. நம்பும்படி யாரையும் வற்புறுத்தவில்லை. நேரங்களில் மட்டும் பிழையில்லை. தோட்ட ஆபீசின் கணினியைக் கவனிக்கும் தனேஸ்வரன் அவற்றை அன்றே குறித்து வைத்தான்.

பீடோர் ஊருக்கு அப்பால் ஒரு தோட்டம். ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. தொழிலாளர்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடும் காலை ஆறு மணிப் பெரட்டு மட்டும் போகவில்லை. பேர் கூப்பிட்டு முடிந்ததும், வராதவர்களின் பட்டியலைத் தோட்ட ஆபீசின் லினக்ஸ் கணினி 6.10க்குத் தானே அஞ்சலாக அனுப்பும். ஈப்போ தலைமை ஆபீஸ் அதைப் பார்த்துத்தான் ஆளைத் தேடச் சொல்லும். செவ்வாய்க்கிழமையிலிருந்து அஞ்சல் போய்ச் சேரவில்லை.

வெள்ளி, காலை 10.40. ஈப்போவிலிருந்து மேலாளர் கலாதேவி அழைத்தார்.

"தனேஸ், சீனியோட அக்கா தாப்பாவுல இருந்து போன் பண்ணுச்சு. அவன் அங்க வரவே இல்லையாம். லிஸ்ட் வந்தாத்தானே லா ஆளக் காணோம்னு எங்களுக்குத் தெரியும்? மெயில் எங்கதான் போவுது?"

"பாக்குறேன்க்கா."

தோட்டத் தொழிலாளி சீனியைக் கடைசியாகக் கண்டது திங்களன்று, இறந்துபோன தோட்டக் கிராணி, அதாவது ஆபீஸ் எழுத்தர், பத்துமலையை எரித்த சுடுகாட்டில். அக்காள் வீட்டுக்குப் போயிருப்பான் என்று எல்லாரும் இருந்துவிட்டார்கள்.

கணினி தானாக ஓட்டும் வேலைக்குப் பெறுநர் முகவரி குறிக்காவிட்டால் அதன் அஞ்சல், அந்த வேலை யாருடைய பயனர் கணக்கில் ஓடுகிறதோ அவருடைய பெட்டியில், அதே கணினிக்குள் விழும். பட்டியல் அனுப்பும் வேலைக்கும் முகவரி குறிக்கப்படவில்லை; அது ஓடிய கணக்கு பத்துமலையுடையது. அவர்தான் நாள்தோறும் படித்து, கையால் ஈப்போவுக்கு அனுப்பி வந்திருக்கிறார். இது யாருக்கும் தெரியாது. அவர் இறந்தபின் கணக்கை அழிக்கத் தனேஸ்வரனுக்கு மனம் வரவில்லை. கருமாதி முடியட்டும் என்று, அதிலிருந்து வெளியே அஞ்சல் போவதை மட்டும் தடுத்து வைத்தான்.

ஆகவே, நான்கு அஞ்சல்கள் படிக்கப்படாமல் கிடக்க வேண்டும்.

நான்கும் படிக்கப்பட்டிருந்தன.

செவ்வாய் 6.12. புதன் 6.12. வியாழன் 6.12. இன்று... 6.12.

படித்தவர் வெளியிலிருந்து நுழையவில்லை. அந்தக் கணினியின் விசைப்பலகையிலேயே தட்டியிருக்கிறார். விசைப்பலகையைத் திங்களன்றே தனேஸ்வரன் கழற்றி அலமாரிக்குள் பூட்டிவிட்டான்; இப்போதும் தன் மடிக்கணினி வழியாகத்தான் பார்க்கிறான். சாவி அவன் சட்டைப்பையில்.

நான்கும் ஈப்போவுக்கு அனுப்பப்பட்டும் இருந்தன. அவன் போட்ட தடையில் முட்டி, வரிசையில் நின்றன.

முதலாவதைத் திறந்தான். பட்டியலில் ஒரே பேர்: சீனி. கீழே ஒரு வரி.

'பழைய ஸ்டோர் கிணறு. உடனே ஆள் அனுப்பவும்.'

இரண்டாவதிலும் அதே. மூன்றாவதிலும்...

ஓடினான்.

கிணற்றில் தண்ணீர் இல்லை. சீனி இருந்தான்.

மாலை 4.20. ஆஸ்பத்திரி வாசலில் சீனியின் அக்காள் ராக்காயி அழவில்லை.

"கால் ஒடைஞ்சு மூனு நாளா உசுரோட கெடந்திருக்கான் தம்பி. இன்னிக்கு விடியக்கால ஆறு மணி வாக்குலதான் போயிருக்கான்னு டாக்டர் சொல்றாரு. யாருமே தேடலையா?"



5.55க்குத் தனேஸ்வரன் ஆபீசுக்குத் திரும்பினான். நான்காவது அஞ்சல் இன்னும் வரிசையில் நின்றது. திறந்தான்.

வராதவர்கள் பட்டியல் காலி.

கீழே ஒரு வரி.

'சீனி பெரட்டுக்கு வந்துவிட்டான். இனி ஆள் அனுப்ப வேண்டாம்.'