வாசச் சவுக்காரம் பூசிய இஞ்சின்

போன கிழமை மட்டக்களப்புக்குப் போகும்போது பஸ் நடுவழியில் நின்றுவிட்டது. சாரதி இறங்கி, டீசல் குழாயின் நட்டைத் தளர்த்திவிட்டுக் கைப்பம்பை அமத்தத் தொடங்கினார். குழாய்க்குள் காற்று ஏறிவிட்டது. அதை வெளியேற்றினால்தான் இஞ்சின் எழும்பும். பயணிகள் முணுமுணுத்தார்கள். நான் மட்டும் யன்னலால் தலையை நீட்டிச் சந்தோசமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து இருக்கைப் பெண் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். என் கலியாணமே ஒருமுறை இப்படிக் காற்றுப் பிடித்து நின்றது என்று அவளிடம் எப்படிச் சொல்வது? உங்களிடம் சொல்லலாம்.

அது யுத்த காலம். நாவற்குடாவுக்கும் வாவிக்கு அப்பால் படுவான்கரைக்கும் இடையில் ஆளும் நெல்லும் ஏற்றி ஓடிய ஒரு மோட்டார் லாஞ்சில் நான் இஞ்சின்காரன். சுக்கான் பிடித்தவன் காத்தான்குடிக் காசிம், என் வயதுக்காரன். வாயும் கையும் ஒருசேர ஓடும் மனிதன். வெள்ளிக்கிழமை காலையில் லாஞ்சு ஓடாது. அன்றைக்குத்தான் இஞ்சினுக்கு முழுக்கு. கறுத்துப்போன எண்ணெயை வடித்துப் புதிது ஊற்றுவோம். டீசலைத் தூசி நீக்கி அனுப்பும் வடியைக் கழற்றிக் கழுவுவோம். இஞ்சினைக் குளிரவைக்க வாவித் தண்ணீரை உறிஞ்சும் குழாயில் ஒரு சல்லடை உண்டு. அதில் பாசியோடு சிலநாள் இறாலும் துடித்துக்கொண்டிருக்கும். "இஞ்சின் புடிச்ச றால்" என்று காசிம் அதைப் பங்கு பிரிப்பான். பெரியதெல்லாம் எப்படியோ அவன் பங்குக்கே போய்விடும்.

எனக்குப் பெண் பார்த்தது கொக்கட்டிச்சோலைப் பக்கம். பெயர் பூரணம். எங்கள் ஊர் வழக்கப்படி மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்குப் போய்க் குடியிருக்கவேண்டும். என் விதி, முகூர்த்தம் ஒரு வெள்ளிக்கிழமை பின்நேரம் அமைந்தது. காலையில் பழக்கதோசத்தில் துறைக்குப் போனேன். காசிம் என் கையிலிருந்த நட்டுச் சாவியைப் பறித்துக்கொண்டான்.

"மாப்பிள்ள எண்ணெயில கை வச்சா நான் லாஞ்ச எடுக்கமாட்டன். அங்கால போய் இரி மச்சான்."

கரையில் குடையைப் பிடித்தபடி நின்று, "அத இறுக்கினியா? இதப் பாத்தியா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். இப்போது நினைத்தால் எனக்கே என்னை அறையத் தோன்றுகிறது. வடியின் மூட்டுக்குப் போடும் செப்பு வாஷர் தேய்ந்திருந்தது. யுத்தத்தால் கொழும்பிலிருந்து புதிது வரவில்லை. பழையதையே நெருப்பில் பழுக்கக் காய்ச்சி, இளக்கி, திரும்பப் போட்டான் காசிம். அதைவிட வேறு வழியும் இல்லை.

ஜும்ஆ தொழுகை முடித்து அவன் வந்ததும் புறப்பட்டோம். பட்டுவேட்டி, சால்வை, தலைப்பாகையோடு நான் நடுவில். பக்கத்தில் பெரியம்மா, அவ மடியில் கூறைத் தட்டு. சொந்தக்காரர்கள் சுற்றிவர இருந்தார்கள். நடுவாவியில் இஞ்சினின் சத்தம் மாறியது. ஒரு இருமல், இன்னொரு இருமல், பிறகு மௌனம். அந்த மௌனத்தை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. காற்று லாஞ்சைக் கண்டல் பற்றைகளை நோக்கி மெல்லத் தள்ளியது. மேற்கே பொழுது இறங்கிக்கொண்டிருந்தது.

காசிம் என்னைப் பார்த்தான். நான் பெரியம்மாவைப் பார்த்தேன்.

"நீ எழும்பாத மனே! வேட்டி பழுதாப் போயிரும்."

"எழும்பாட்டி முகூர்த்தம் போயிரும் பெரியம்மா."

தலைப்பாகையைக் கழற்றி அவ மடியில் வைத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இஞ்சின் குழிக்குள் இறங்கினேன். காற்றெடுக்க இருவர் வேண்டும்; ஒருவன் பம்பை அமத்த, மற்றவன் நட்டைத் திறந்து பார்க்கவேண்டும். நுரை நுரையாக டீசல் வந்தது. எவ்வளவு அமத்தியும் குமிழி நிற்கவில்லை. வாஷரடியால் குழாய் காற்றை உறிஞ்சிக்கொண்டே இருந்தது.

"நூலும் சவுக்காரமும் இருந்தாச் சுத்தி இறுக்கலாம்," என்றான் காசிம். சவுக்காரம் டீசலில் கரையாது. கசிவை அடைத்து நிற்கும். ஆனால் நடுவாவியில் சவுக்காரத்துக்கு எங்கே போவது? எல்லோருடைய கண்ணும் ஒரே நேரத்தில் பெரியம்மாவின் மடிக்குப் போனது. கூறைச் சேலைக்குப் பக்கத்தில் பூப்போட்ட தாளில் ஒரு வாசச் சவுக்காரம்.

"அது பொம்புளைக்கிடா!"

"பொம்புளைக்கிட்டப் போறதுக்குத்தான் கேக்கம், தாங்க உம்மா," என்றான் காசிம். பெரியம்மாவுக்கு ஆத்திரமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. தந்துவிட்டா. நூலுக்கு என் பட்டுவேட்டியின் தலைப்பை உருவினோம். நூலில் சவுக்காரத்தைத் தேய்த்து, மூட்டில் சுற்றி இறுக்கினேன். கொஞ்ச நேரத்தில் குமிழி அடங்கி, டீசல் தெளிந்து வந்தது. காசிம் கைப்பிடியைச் சுழற்றினான். இஞ்சின் உறுமியது. லாஞ்சிலிருந்த பெண்கள் குரவை போட்டார்கள். வழக்கத்தில் அது மாப்பிள்ளைக்குரியது; அன்றைக்கு முதலில் வாங்கிக்கொண்டது இஞ்சின்தான்.

முகூர்த்தத்தை மயிரிழையில் பிடித்தோம். தாலி கட்டக் குனிந்தபோது பூரணத்தின் மூக்கு சுருங்கியதைக் கண்டேன். சிலநாள் கழித்து அவள் தட்டைப் பிரித்துவிட்டுக் கூப்பிட்டாள்.

"இஞ்ச பாருங்க, சவுக்காரத்த எலி அரிச்சிரிக்கி."

கதையைச் சொன்னேன். சுவரில் சாய்ந்து, கண்ணில் நீர்வரச் சிரித்தாள். பிறகு சவுக்காரத்தை இரண்டாக வெட்டி ஒரு பாதியை என்னிடம் நீட்டினாள். "கொண்டுபோய்ச் சாவிப் பெட்டிக்குள்ள வைங்க. இன்னொரு நாளைக்கி உதவும்." நல்ல வீட்டுக்குத்தான் வந்திருக்கிறேன் என்று அந்த நேரம் எனக்குத் தெரிந்துவிட்டது.

யுத்தம் முடிந்து, லொறிகள் பெருகி, நெல்லெல்லாம் தெருவால் போகத் தொடங்கியதும் முதலாளி லாஞ்சை விற்றார். வாங்கியவர் பழைய இரும்புக்காரர். வண்டி கொண்டுவந்த அன்று காலையில் காசிமும் நானும் எண்ணெய் மாற்றி, வடி கழுவி, சல்லடையைச் சுத்தம் செய்துகொண்டிருந்தோம்.

"உடைக்கப்போற இஞ்சினுக்கு ஏன் காணும் புது எண்ணெய்?" என்று அவர் சிரித்தார்.

"அதுக்குத் தெரியாதுதானே," என்றான் காசிம், தலை நிமிராமல்.

இப்போது காசிமும் இல்லை. நாங்கள் லாஞ்சைக் கட்டிய துறையில் கண்டல் முளைத்து மூடிவிட்டது. அந்தக் காலத்தில் படுவான்கரைப் பெண்கள் எங்கள் இஞ்சின் சத்தம் தூரத்தில் கேட்டதும் உலை வைப்பார்களாம். ஆண்கள் கரையேறும்போது சோறு வெந்திருக்கும். பூரணமும் அப்படித்தான் வைத்தாள், பல வருசம்.