துணைக்குப் படித்தவள்

பள்ளிக்கூட வாத்தியாருக்கு மாரடைப்பு வருவதென்றால் பரீட்சை சமயத்தில் வராது. பரீட்சை முடிந்து பெற்றோர்கள் வரும் சமயத்தில்தான் வரும். வாத்தியார் உத்தியோகம் பார்த்தவர்கள் இதைப் படித்தால் தலையாட்டுவீர்கள். பதினொன்றாம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி., அதற்கு மேல் காலேஜில் ஒரு வருஷம் பி.யூ.சி. என்று இருந்த காலம். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு உயர்நிலைப் பள்ளியில் நான் கணக்கு வாத்தியார். பிள்ளைகளைப் பரீட்சைக்குத் தயார் செய்வது, காலேஜ் விண்ணப்பம் பூர்த்தி செய்து தருவது எல்லாம் என் தலையில் விழுந்தன. ஒரே குடும்பம் ஒரே வருஷத்தில் எனக்குக் கொடுத்த அதிர்ச்சிகள் இவை.

நாலு மாதம்

பரீட்சைக்குப் பெயர்ப் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தேன். பென்னலூர் கன்னியப்பனின் பிள்ளைகள் இரண்டு பேர் என் வகுப்பில். ஏழுமலை பிறந்தது ஜூன் மாதம். தங்கை வசந்தா பிறந்தது அதே வருஷம் அக்டோபர். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரே தாய் வயிற்றில் நாலு மாத இடைவெளியில் இரண்டு குழந்தைகளா?

கன்னியப்பனைக் கூப்பிட்டு அனுப்பினேன். வயலிலிருந்து சேறு காயாத காலோடு வந்தார். பையன் பள்ளிக்கூடத்தில் தனியாக உட்காராமல் அழுதானாம். அதனால் ஒன்றரை வயது சின்னவளான வசந்தாவையும் துணைக்குப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டார்களாம். ஆரம்பப் பள்ளித் தலைமை ஆசிரியர் இரண்டு பேரையும் ஒரே நாளில் சேர்த்து, தோன்றிய தேதியைப் போட்டிருக்கிறார். இது தப்பில்லையா என்று கேட்டேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை.

"தேதி போட்டது எட்மாஸ்டரு சார். நான் பெத்ததோட சரி."

வீட்டு மார்க்கு

ரிசல்ட் வந்தது. பள்ளியிலேயே வசந்தாதான் முதல். ஏழுமலை கணக்கில் ஃபெயில். அடுத்த நாள் காலையில் கன்னியப்பன் ஆபீஸ் அறையில் நின்றார். பெண் வாங்கிய மார்க்குக்கு நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்து நாற்காலியைக் காட்டினேன். உட்காரவில்லை. ரொம்ப நிதானமாக, கூட்டுறவு சங்கத்தில் உர மூட்டையை மாற்றிக் கேட்பதுபோல் கேட்டார். எங்கள் கிளார்க் கையிலிருந்த பேனா கீழே விழுந்தது.

"ஒரே வூட்டு மார்க்கு தான சார், பையன் பேருக்கு மாத்திக் குடுத்துடுங்க."

வேலை முடிந்தது

அது ஜெயிலுக்குப் போகிற சமாசாரம் என்று விளக்கியே எனக்குத் தொண்டை வறண்டது. சரி என்று விட்டுவிட்டார். வசந்தாவைக் காஞ்சிபுரத்தில் பி.யூ.சி. சேர்க்கலாம், விண்ணப்பத்தை நானே எழுதித் தருகிறேன், கையெழுத்து மட்டும் போடுங்கள் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை, பிடிவாதம்கூட இல்லை. இவ்வளவு படித்த மனுஷனுக்கு இது தெரியவில்லையே என்ற பரிதாபம்தான் இருந்தது.

"அவ தொணைக்குப் போனவ சார். அவனே போவல, இவ இன்னாத்துக்குப் போவணும்?"

வசந்தா சொன்ன வழி

பெண் அழுதுகொண்டு வருவாள், என்ன ஆறுதல் சொல்வது என்று யோசித்து வைத்திருந்தேன். வந்தாள், அழவில்லை. காலேஜ் இருக்கிற அதே தெருவில் ஒரு டுடோரியல் இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது, ஃபெயிலானவர்களை செப்டம்பர் பரீட்சைக்குத் தயார் செய்கிறார்கள் என்றேன். அப்படியென்றால் அண்ணனை அங்கே சேர்க்கும்படி அப்பாவிடம் சொல்லச் சொன்னாள். உனக்கு வழி தேடினால் நீ அவனுக்குக் கேட்கிறாயே என்று சலித்துக்கொண்டேன். பதினாறு வயதுப் பெண், கணக்கு வாத்தியாருக்கு விடை சொல்வதுபோல் பொறுமையாகச் சொன்னாள்.

"அத மட்டும் சொல்லுங்க சார், மீதிய எங்கப்பாவே சொல்வாரு."

அப்பாவே சொன்னார்

அப்படியே போய்ச் சொன்னேன். பையன்கள் டுடோரியலுக்கு என்று பஸ் ஏறி சினிமாக் கொட்டகையில் இறங்குவார்கள் என்பதையும் கொஞ்சம் சேர்த்துக்கொண்டேன். கன்னியப்பன் துண்டால் முகத்தைத் துடைத்தார். அப்படியானால் பாப்பாவைத் துணைக்கு அனுப்பிவிடுகிறேன் என்றார். ஆனால் பையன் வகுப்பில் இருக்கும்போது அவள் எங்கே இருப்பாள் என்று அவரே கவலைப்பட்டார். எதிரில்தான் காலேஜ் என்று மெல்ல இழுத்தேன். விண்ணப்பத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். இத்தனை நாளாக நான் தவித்த தவிப்பு ஒரு நிமிஷத்தில் முடிந்ததை என்னால் நம்ப முடியவில்லை.

"சும்மா குந்திகினு இருக்கறதுக்கு, அதையாவது படிக்கட்டும்."

எட்டுக் கணக்கு

செப்டம்பர் பரீட்சை ரிசல்ட் நவம்பரில் வந்தது. ஏழுமலை மறுபடியும் கணக்கில் ஃபெயில். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டுக்கு வரவழைத்து நானே சொல்லிக்கொடுத்த பையன். அந்தப் பரீட்சையின் கேள்வித்தாளையே எதிரில் வைத்து, போடு பார்க்கலாம் என்றேன். குனிந்த தலை நிமிராமல் எட்டுக் கணக்குப் போட்டான். எட்டும் சரி.

பரீட்சையில் ஏன் போடவில்லை என்று கத்தினேன். வெறும் தாளைக் கொடுத்துவிட்டு வந்தேன் என்றான். கொழுப்பா என்று கேட்க வாயெடுத்தேன். அவன் பென்சிலைக் கீழே வைத்தான். தங்கையிடம் சொல்லிவிடக் கூடாது என்று கேட்டுக்கொண்டான். மார்ச் மாதம் அவள் பி.யூ.சி. எழுதும்போது தானும் எழுதிப் பாஸ் பண்ணிவிடுவதாகச் சொன்னான்.

"இப்ப நான் பாசாயிட்டா, நாளைலேர்ந்து அவ எதுக்கு சார் காஞ்சிபுரம் போவணும்?"

அன்று சாயங்காலமே பென்னலூருக்கு சைக்கிள் மிதித்துப் போய், பையனுக்குக் கணக்கு கொஞ்சம் மந்தம், மார்ச் வரை டுடோரியலை நிறுத்திவிடாதீர்கள் என்று கன்னியப்பனிடம் சொல்லிவிட்டு வந்தேன். நன்றாகப் படிக்கும் ஒரு பையனை மக்கு என்று சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்கியது என் முப்பது வருஷ சர்வீசில் அந்த ஒரு நாள்தான்.