கதவைச் சாத்திக்கொண்டு கேட்கும் கேள்வி

தெருவில் அவளுக்கு 'கிட்னி சிஸ்டர்' என்று பேர். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லி விசாரித்தால் எதிர்வீட்டுக்காரரே உதட்டைப் பிதுக்குவார். பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸாகச் சேர்ந்து, வார்டு வார்டாகக் கால் தேய நடந்து, கடைசியில் சிறுநீரக மாற்றுப் பிரிவில் ஒரு மேசையும் ஒரு டெலிபோனும் கிடைத்து உட்கார்ந்தவள். கத்தி பிடிப்பது டாக்டர். அதற்கு முன்னால் கொடுப்பவர், வாங்குபவர், இரண்டு பக்கத்துச் சொந்தக்காரர்கள், லேப், ஸ்கேன், ஆபரேஷன் தியேட்டர் என்று ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறவர்களை ஒரு இடத்தில் கொண்டுவந்து நிறுத்துவது இவள். நல்லபடியாக முடிந்தால் பேர் டாக்டருக்கு, ஏதாவது இசகுபிசகானால் திட்டு இவளுக்கு.

அந்த வேலையிலேயே கனமானது ஒரு கேள்வி. சிறுநீரகம் கொடுக்க வந்தவரை மட்டும் தனியாக உள்ளே கூப்பிட்டு, கதவைச் சாத்தி, குடிக்கத் தண்ணீர் கொடுத்துவிட்டுக் கேட்பாள்.

"மனசாரத்தான் குடுக்கறீங்களா? வேண்டாம்னா இப்பவே சொல்லிடுங்க. வெளிய இருக்கறவங்களுக்குத் தெரியவே தெரியாது."

பெரும்பாலானவர்கள், "என்ன சிஸ்டர் இப்படிக் கேட்டுட்டீங்க" என்று கோபித்துக்கொள்வார்கள். சிலர் மட்டும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒருமுறை கொழுந்தனுக்குக் கொடுக்கச் சொல்லி, புருஷனும் மாமியாரும் ஒரு மருமகளைக் கிட்டத்தட்ட இழுத்துக்கொண்டே வந்தார்கள். கதவு சாத்தியதும் அந்தப் பெண் இவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கு ரெண்டும் சின்னப் பிள்ளைங்க சிஸ்டர். முடியாதுன்னு சொன்னா வீட்டுல இருக்க விடமாட்டாங்க."

அப்படிப்பட்டவர்களுக்காக இவள் ஒரு பேச்சு வைத்திருந்தாள். வெளியே வந்து, ஃபைலின்மேல் உள்ளங்கையைப் பதித்துக்கொண்டு, நிறுத்தி நிறுத்திச் சொல்வாள். "இவங்களுக்கு ரத்தக்குழாய் அமைப்பு கொஞ்சம் வேற மாதிரி இருக்கு. குடுக்கணும்னு ரொம்ப ஆசைப்பட்டாங்க. உடம்பு இடம் கொடுக்கலை. இதுல யார் மேலயும் தப்பில்லை." டாக்டர்களும் இதற்கு உடந்தைதான். நிஜமாகவே குழாய் கோளாறு இருந்தால் டாக்டரே ஸ்கேன் படத்தைக் காட்டி விளக்குவார். இந்தப் பேச்சுக்குப் படம் கிடையாது. கேட்கிற குடும்பங்களுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. மருமகள் தலை தப்பியது, மாமியார்கூட அவளைத் தட்டிக்கொடுத்துத்தான் கூட்டிப்போனாள்.

தனக்குக் கீழே புதிதாக வந்த சின்ன சிஸ்டருக்கும் இதைப் பாடமாகவே சொல்லிக்கொடுத்தாள். "அந்த ரூம்ல கேட்டது அந்த ரூமோட போகணும். பெத்த தாயே வந்து கேட்டாலும் வாயைத் திறக்காத, படத்தைக் காட்டாத."

நல்ல காரியம் செய்கிறோம் என்று அவளுக்குக் கர்வம் இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும், அதை வீட்டுக்குக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் பரிமாறியதுதான் வினை. மருமகள் கதையை, ஆள் யாரென்று சொல்லாமல், புருஷனிடம் சொன்னாள். அவர் பர்னிச்சர் கடையில் சேல்ஸ்மேன். மழைக்கு ஒதுங்கியவனைக்கூட உட்காரவைத்துப் பேசியே கட்டிலை விற்றுவிடுவார். ஆனால் ஊசி என்றால் மட்டும் ஆள் ஆடிப்போவார்.

"அட, கெட்டிக்காரிதான் நீ. அப்ப யாருக்குமே தெரியாதா?" என்றார்.

"எனக்கு மட்டும் தெரியும்" என்று சிரித்தாள். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்றால் இதுதான்.

பிறகு மகளின் முகம் வீங்க ஆரம்பித்தது. காலேஜ் படிக்கிற ஒரே மகள். தூக்கம் போதவில்லை என்றுதான் முதலில் நினைத்தார்கள். சோதனை செய்து பார்த்தால் இரண்டு சிறுநீரகமும் கைவிட்டிருந்தன. ஊரார் பிள்ளைகளை டயாலிசிஸ் நாற்காலியில் உட்காரவைத்துப் பழகியவள் தன் பிள்ளையை உட்காரவைத்தாள்.

தான் கொடுக்கலாமென்று முதல் ஆளாக நின்றாள். ரத்த வகை சேரவில்லை. புருஷனுக்கு எல்லாமே சேர்ந்தது. "என் பொண்ணுக்கு நான் குடுக்காம வேற யாரு குடுப்பா?" என்று சொந்தபந்தமெல்லாம் கேட்க நெஞ்சைத் தட்டிச் சொன்னார். மகள் அப்பா செல்லம். அவர் தோளில் சாய்ந்துகொண்டு ஆபரேஷன் முடிந்து எங்கெங்கே போவதென்று அன்றைக்கே திட்டம் போட்டாள்.

சொந்த வீட்டு விவகாரத்தில் இவள் தலையிடக் கூடாது என்பது பிரிவின் விதி. அதனால் அவர்கள் ஃபைல் சின்ன சிஸ்டரிடம் போயிற்று. சோதனையெல்லாம் முடிந்தபின், சின்ன சிஸ்டர் அவரை மட்டும் உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். வெளியே பெஞ்சில் அம்மாவும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். எத்தனையோ குடும்பங்களை அந்தப் பெஞ்சில் உட்காரவைத்திருக்கிறாள், அது இவ்வளவு ஆடும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

கதவு திறந்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டே வந்தார். பின்னால் சின்ன சிஸ்டர், ஃபைலின்மேல் உள்ளங்கையைப் பதித்துக்கொண்டு, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "அப்பாவுக்கு ரத்தக்குழாய் அமைப்பு கொஞ்சம் வேற மாதிரி இருக்கு. குடுக்கணும்னு ரொம்ப ஆசைப்பட்டார்..."

மிச்சத்தை இவள் கேட்கவில்லை. கேட்கவேண்டிய அவசியமும் இல்லை. பக்கத்தில் டாக்டர் இல்லை, படம் இல்லை. இவள் பேச்சு, இவள் நிறுத்தல், ஃபைலின்மேல் இவள் வைக்கும் கை. மகள் எழுந்துபோய் அப்பாவைக் கட்டிக்கொண்டாள். அவர் அழுதார், நன்றாகவே அழுதார்.

மறுநாள் சின்ன சிஸ்டரை ஸ்டோர் ரூமில் மடக்கினாள். "படத்தைக் காட்டு."

சின்னவள் பஞ்சுக் கட்டுகளை எடுத்து அடுக்கிக்கொண்டே இருந்தாள். "அக்கா, நீங்க சொல்லிக்கொடுத்ததுதான். யார் கேட்டாலும் காட்டக் கூடாதுன்னு."

"நான் அவ அம்மா."

"அதையும் சேர்த்துத்தான்க்கா சொன்னீங்க" என்றாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

இவளுக்கு அவளை அறையவேண்டும்போல் இருந்தது. அவள் செய்தது சரி என்பதால் இன்னும் ஓங்கி அறையவேண்டும்போல் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் குடும்பத்தோடு பார்க்க வந்தாள். அவர் கூடத்தில் எல்லோரோடும் சாப்பிட உட்கார்ந்து குழாய்க் கதையைக் கட்டில் விற்கிற அதே ஜோரில் சொன்னார். ஆஸ்பத்திரியில் ஒரு குழாயாக இருந்தது வீட்டுக்கு வருவதற்குள் மூன்றாகியிருந்தது. கோடியில் ஒருத்தருக்குத்தான் இப்படி இருக்குமாம். சொல்லச் சொல்ல அவரே நம்பிக்கொண்டு வருவது இவளுக்கு நன்றாகத் தெரிந்தது.

நாத்தனார் தம்பியின் முதுகைத் தடவிக்கொடுத்தாள். பிறகு இவள் பக்கம் திரும்பினாள். "அவனாவது குடுக்கறேன்னு போய் நின்னான், உடம்பு விடலை. பெத்தவ ரத்தமே பொண்ணுக்குச் சேரலையே, அதை எங்க போய் சொல்ல? ஊருக்கெல்லாம் கிட்னி வாங்கித் தர்றே, சொந்தப் பொண்ணுக்கு ஒண்ணுக்கும் ஆகலை. ஆமா, மூணு குழாய்னு சொல்றானே, நிஜமாவே அப்படியெல்லாம் இருக்குமா?"

கூடத்தில் எல்லோரும் இவளைப் பார்த்தார்கள். அவர் மட்டும் தட்டைப் பார்த்தார். ஒரே ஒரு வார்த்தை போதும், ஆளைக் கிழித்துத் தொங்கவிட்டுவிடலாம். வாய்வரைக்கும் வந்தது. மகள் அப்பாவின் பக்கத்தில், அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இருக்கும் அண்ணி. நிறைய பேருக்குப் பார்த்திருக்கேன்" என்றாள், ஆஸ்பத்திரிக் குரலில்.

அவர் நிமிர்ந்து, இன்னும் கொஞ்சம் சாதம் கேட்டார். போட்டாள்.

வேலை நிற்கவில்லை. அடுத்த வாரமே அக்காவுக்குக் கொடுக்க வந்த ஒரு தம்பி, கதவு சாத்தியதும், "முடியாது சிஸ்டர்" என்று முகத்தைப் பொத்திக்கொண்டான். கதவைத் திறந்து, 'பாருங்க உங்க பிள்ளையோட லட்சணத்தை' என்று கத்த அவளுக்கு அப்படியொரு ஆத்திரம் வந்தது. அவன் தம்ளரில் மறுபடி தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். பிறகு வெளியே போய், ஃபைலின்மேல் கையை வைத்து, அந்தப் பேச்சை ஒரு வார்த்தை பிசகாமல் சொன்னாள். இவனுக்கும் ஒரு அம்மா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அந்த அம்மா இவளைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

இறந்தவர்களிடமிருந்து கிடைப்பதற்கான வரிசையில் மகளின் பேரைப் பதிந்தாயிற்று. வரிசை எவ்வளவு நீளம் என்று மகளுக்குத் தெரியாது, இவளுக்குத் தெரியும். டயாலிசிஸ் நாளில் வேலை முடித்து வந்து நாற்காலிப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். மகளின் கை எலும்பும் தோலுமாகிவிட்டது.

"பாவம்மா அப்பா" என்றாள் மகள். "என் முகத்தைப் பார்க்கவே கஷ்டப்படறார். நீ அவர்கிட்ட மூஞ்சியைத் தூக்கி வச்சுக்காத."

"இல்லடி."

"வச்சுக்கற. நான் பார்க்கறேன்ல. குழாய் மட்டும் ஒழுங்கா இருந்திருந்தா ஓடி வந்து குடுத்திருப்பார் இல்ல?"

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மகள் பதிலுக்காக அவளையே பார்த்தாள். தன்னையறியாமல் இவள் உள்ளங்கை, மகளின் போர்வைமேல் தட்டையாகப் பதிந்திருந்தது.

"குடுக்கணும்னு ரொம்ப ஆசைப்பட்டார்டி. உடம்பு இடம் கொடுக்கலை" என்றாள். "இதுல யார் மேலயும் தப்பில்லை."

மகள் நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டாள்.