கோயில் வாசலில் என் கல்யாணச் சீலை

இயேசு உயிர்த்த பாஸ்குத் திருநாள் முடிந்த கிழமை எங்கள் துறைமுகத்தில் யப்பான்காரரின் குண்டு விழுந்தது. சீனன்குடாப் பக்கம் எண்ணெய்த் தாங்கி எரிந்த கரும்புகையைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு, கைக்குழந்தையோடு கண்டி வீதியால் நடந்தவர்களில் நானும் ஒருத்தி. கப்பல்துறையைத் தாண்டி உள்ளே ஒரு வயல் ஊரில் பெரியம்மா வீட்டில் ஒதுங்கினேன். என் கணவர் கடற்படையின் டொக்யாட்டில் கப்பல் இயந்திரம் திருத்துகிறவர். அவரைப் போக விடவில்லை. பட்டறையிலேயே தங்கி, இடைக்கிடை வீட்டை எட்டிப் பார்த்து வந்தார்.

வெக்கையான கச்சான் காற்று தொடங்கிய நாட்களில் வீட்டுக்குத் திரும்பி வந்தேன். பின்கதவின் பூட்டு உடைந்து கிடந்தது. தையல் மெசினைக் காணவில்லை. அலுமாரியில் வைத்திருந்த கல்யாணச் சீலையையும் காணவில்லை. வெள்ளைப் பட்டு, உடல் முழுக்க வெள்ளிச் சரிகையில் சின்னச் சின்ன மல்லிகை மொட்டு.

"பூட்டு உடைஞ்சது உங்களுக்குத் தெரியாதோ?" என்று கேட்டேன்.

"முன்வாசலைத்தான் பாத்தனான். பின்பக்கம் போகேல்லை," என்றார்.

எவ்வளவு குறைகிறது என்று பார்க்க மண்ணெண்ணெய்ப் போத்தலில் கரிக்கோடு போட்டுவிட்டு வேலைக்குப் போகிற மனிதர் அவர். அப்படிப்பட்டவர் பின்கதவைப் பார்க்கவில்லை என்றது என் மனதில் ஒட்டவில்லை.

அந்த நாட்களில் எங்கள் ஒழுங்கையில் யாரும் யாரையும் நம்பவில்லை. எல்லா வீட்டிலும் ஏதோ ஒன்று களவு போயிருந்தது. ஒரு குசினியில் பொரிக்கிற வாசம் வந்தால், இவர்களுக்கு எண்ணெய் எங்கால் வந்தது என்று அடுத்த வீடு யோசிக்கும். இருட்டடிப்பு நேரத்தில் ஒரு சன்னலில் கீற்று வெளிச்சம் தெரிந்தால், அந்த வீட்டுக்காரன் யப்பானுக்கு ஆள் என்று கதை கிளம்பும். போகப் போக எல்லாக் கதையும் ஒருத்தியிடம் போய் நின்றது. ஓர்ஸ் ஹில் அடிவாரத்தில் அப்பம் சுட்டு விற்கிறவள்; எங்கள் மாதா கோயிலுக்கு வருகிறவள்; புருஷன் விட்டுவிட்டுப் போனவன். ஊர் ஓடியபோது, போக ஓரிடம் இல்லாமல் இரண்டு பிள்ளைகளோடு அங்கேயே இருந்துவிட்டாள்.

"எல்லாரும் ஓட, இவள் மட்டும் என்னத்துக்கு நிண்டவள்?" என்பதுதான் பெண்களின் கேள்வி. நானும் கேட்டிருக்கிறேன்.

மாதாவின் திருநாளன்று பிள்ளைகளுக்கு முதல் நன்மை; நற்கருணையை முதல் தடவை வாங்குகிற நாள். துணி கிடைக்காத காலம். நுளம்பு வலையிலும் சன்னல் சீலையிலும் தைத்த வெள்ளை உடுப்புகளோடு பிள்ளைகள் கோயில் வாசலில் வரிசையாக நின்றார்கள். வரிசையின் கடைசியில் அப்பக்காரியின் மகள் வந்து சேர்ந்தாள். கையால் தைத்த சட்டை, ஆனால் வடிவான தையல். நெஞ்சில் வெள்ளி மொட்டுகள் மினுங்கின.

பக்கத்தில் நின்றவள் என் முழங்கையை இடித்தாள். "உன்ர சீலையெல்லே?"

கோயில் காரியம் பார்க்கிற மூப்பருக்கும் அது எட்டிவிட்டது. அவர் போய்ப் பிள்ளையின் முன்னால் நின்று தாயைக் கேட்டார். "இந்தப் பட்டு உனக்கு எங்கால?"

அவள் மகளைத் தன் பக்கம் இழுத்தாள்.

"களவெடுத்த உடுப்போட நன்மை வாங்க ஏலாது. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போ." பிறகு என் பக்கம் திரும்பினார். "பிள்ளை, இது உம்மட சீலைதானே? எல்லாருக்கும் கேக்கச் சொல்லும்."

ஓம் என்று சொல்ல வாய் எடுத்தேன். பிடிபட்டுவிட்டாள் என்று உள்ளே ஒரு சந்தோசம்கூட இருந்தது. அதற்குள் ஆண்கள் பக்கமிருந்து என் கணவரின் குரல் வந்தது.

"எங்கட சீலைதான், மூப்பர். நான்தான் குடுத்தனான்."

வாசலுக்கு வந்திருந்த பங்குச் சுவாமி அதைக் கேட்டார். "குடுத்த உடுப்பெண்டால் பிறகென்ன கதை? உள்ள வாங்கோ," என்று பிள்ளைகளை நடத்திக்கொண்டு போய்விட்டார்.

அன்றைய பூசையில் ஒரு வார்த்தை என் காதில் ஏறவில்லை. முக்காட்டுக்குள்ளால் எத்தனை கண்கள் என்னைப் பார்க்கின்றன என்பது மட்டும் தெரிந்தது. அவர் இரக்கப்பட்டுக் கொடுத்தார் என்று ஒருவரும் நம்பவில்லை. நானும் நம்பவில்லை. அவளுக்குப் புருஷன் இல்லை. என் புருஷன் இத்தனை நாள் தனியே இருந்தவர். அவள் வீட்டில் என் சீலை. இதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது?

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "எப்ப குடுத்தனீங்கள்?"

கதிரையில் இருந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். "குடுக்கேல்லை."

"அப்ப ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள்?"

கழற்றிய சப்பாத்தைக் கதிரைக்குக் கீழே தள்ளினார். "அந்தப் பிள்ளை சட்டையைக் கழட்டப் பாத்தது. நீர் காணேல்லையோ? முதுகுப் பக்கப் பொத்தானில கை வச்சிட்டுது. அத்தனை சனத்துக்கு முன்னால. அதுக்குள்ள ஏதாவது சொல்ல வேணும் போல இருந்தது."

நான் காணவில்லை. நான் மொட்டுகளைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"கோயில் வாசல்ல பொய் சொன்னனீங்கள்."

"ஓம். சுவாமியிட்டப் பாவசங்கீர்த்தனத்தில சொல்லுவன். அவள் எடுத்தவள் எண்டுதான் நானும் நினைக்கிறன். அது வேற கதை."

அந்த விளக்கம் எனக்குப் போதவில்லை. அடுத்த நாள் பின்னேரம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். என்னைக் கண்டதும் வாசலை மறித்து நின்றாள். நான் கேட்க வந்ததைக் கேட்பதற்கு முன்னால் அவள் கேட்டாள்.

"அக்கா, உங்கட மனுசனுக்கு என்ன வேணும்?"

எனக்கு விளங்கவில்லை.

"நேற்றிலயிருந்து யோசிக்கிறன். ஏன் அப்பிடிச் சொன்னவர்? நாளைக்கு வந்து என்ன கேக்கப் போறார்?"

நடித்துக் காட்டுகிற பயம் இல்லை அது. எனக்குப் பின்னால் அவரும் வருகிறாரா என்று ஒழுங்கையை எட்டிப் பார்த்தாள். அவளுக்கும் என் கணவருக்கும் நடுவில் ஒன்றும் இல்லை என்பது அதைக் கண்டதும் எனக்குத் தெரிந்துவிட்டது.

"அவர் ஒண்டும் கேக்கமாட்டார்," என்றேன். அவள் நம்பவில்லை.

பிறகு தானாகவே சொன்னாள். "பின்கதவு முதலே திறந்து கிடந்தது. அரிசி கிடக்கோ எண்டு பாக்கத்தான் உள்ளுக்குப் போனனான். சீலையை எடுத்தது நான்தான். மெசினை நான் காணேல்லை."

என்னை அறியாமல் என் கண் மெசினைத் தேடிக் கட்டிலுக்குக் கீழே போனது. அதை அவள் கண்டாள். கோபிக்கவில்லை. போய், கட்டிலிலிருந்து தொங்கிய துணியைத் தூக்கிப் பிடித்து, நான் நன்றாகப் பார்க்கட்டும் என்று ஒதுங்கி நின்றாள். ஒரு அப்பச் சட்டியும் தேங்காய்ச் சிரட்டைகளும் கிடந்தன. அன்றைக்கு நான் பட்ட வெட்கம் இப்போதும் நினைவிருக்கிறது.

மிச்சப் பட்டுத் துணியை மடித்துக் கொண்டுவந்து நீட்டினாள். வாங்கவும் கை போகவில்லை, வேண்டாம் என்று பெருந்தன்மையாகச் சொல்லவும் வாய் வரவில்லை.

"பிள்ளை வளருவாள். சட்டைக்கு ஒட்டுப் போட வேணும். வச்சிரும்," என்று கடைசியில் சொல்லிவிட்டு வந்தேன்.

மெசின் பிறகும் கிடைக்கவில்லை. அவளாக இருக்குமோ என்ற எண்ணம் எப்போதாவது வந்து போகும். வந்தால் வரட்டும் என்று விட்டுவிடப் பழகினேன்.

அடுத்த ஞாயிறு பெண்கள் பக்கத்தில் அவளைச் சுற்றி ஓர் ஆள் இருக்கிற அளவுக்கு இடம் விட்டிருந்தார்கள். நான் போய் அதில் இருந்தேன். காசுப்பையை முழங்காலுக்குக் கீழே வைத்துக்கொண்டுதான் இருந்தேன். அவளும் அதைக் கண்டிருப்பாள். பிரசங்கத்தின் நடுவில் என் குழந்தை அழத் தொடங்கியது. அவள் என்னைப் பார்க்காமலே கையை நீட்டினாள். நானும் கொடுத்தேன்.